ஆடும் கையும் ஆட்டத்தின் விதியும்

விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சிறிது நேரம் உற்று நோக்குங்கள். ஆட்டத்தை நோக்க வேண்டா. ஆளை மட்டும் நோக்குங்கள். ஆட்டத்திற்குச் சிறிதும் தேவையில்லாத எத்தனையோ செயல்களை அவர் தம்மையறியாமலே செய்துகொண்டிருப்பார். தாயம் ஆடுபவர் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நன்றாகத் தேய்த்த பின்னரே உருட்டுவார். கேரம் ஆடுபவர் ஸ்டிரைக்கரை ஓரிடத்தில் வைப்பார், எடுப்பார், மீண்டும் அதே இடத்தில் வைப்பார். வீடியோ கேம் என்னும் இக்காலத்து ஆட்டத்திற்கு வந்தாலும் கதை மாறுவதில்லை. திரையில் ஓடும் கார் இடப்பக்கம் வளைந்தால், நாற்காலியில் இருப்பவரும் இடப்பக்கம் சாய்கிறார். துப்பாக்கியில் ஒரே ஒரு குண்டு செலவாகியிருக்கும். அதற்குள் ரீலோட் செய்துவிடுகிறார். போட்டி இறுக இறுக, பட்டனை அழுத்தும் கட்டைவிரல் வெளுத்துப்போகிறது. இவையெல்லாம் வெறும் மூடப்பழக்கங்கள்தாமா? அன்றி, இவற்றுக்குள்ளும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறதா? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு என்னால் இயன்ற அளவில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு மட்டாஞ்சேரியைப்போல் வசதியான ஊர் வேறில்லை என்பேன். மிளகு, சுக்கு மூட்டைகளோடு வேலை தேடித் தென்காசிப் பக்கத்திலிருந்து என் தாத்தா இங்கே வந்து சேர்ந்தார். பஜார் ரோட்டுக்குப் பின்புறச் சந்து ஒன்றில்தான் இன்றும் எங்கள் வீடு இருக்கிறது. தமிழர், மலையாளிகள், கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள் என்று சிறிது தூரம் நடப்பதற்குள் ஐந்து மொழி காதில் விழும். எங்கள் தெருமுனையில், மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆட விடும் அறை ஒன்று உண்டு. மாலை ஆறு மணிக்கு அங்கே சென்று நின்றால் ஐந்து மொழிகளிலும் வசவு கேட்கலாம். ஆனால் கோல் கம்பத்தை நோக்கிப் பந்து செல்லும்போது, ஐந்து மொழிக்காரர் முதுகும் ஒரே பக்கம்தான் வளைகிறது! போதாக்குறைக்கு, நாள்தோறும் எறணாகுளத்திலிருந்து களமசேரி வரையில் மெட்ரோவில் வருகிறேன். அந்தப் பெட்டியில் பத்துப் பேர் இருந்தால் நாலு பேர் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆராய்ச்சிக்கூடம் தேடிப் போக வேண்டிய தேவையே எனக்கு இல்லை.

முதலில் அந்த வளையும் முதுகைப் பார்ப்போம். ஓர் அசைவை மனத்தில் எண்ணிய அளவிலேயே, நாம் விரும்பாமலும் நம் தசைகள் அவ்வசைவைச் சிறிதளவு செய்துவிடுகின்றன என்று 1852ஆம் ஆண்டிலேயே வில்லியம் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். மகன் காரோட்டும்போது பின்சீட்டில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கும் தந்தையரை நாம் அறிவோம் அன்றோ? அது இவ்வகையைச் சேர்ந்ததே. நாற்காலியில் சாய்வதால் திரையில் உள்ள கார் திரும்பப்போவதில்லை என்பது ஆடுபவருக்கும் தெரியும். எனினும் சாய்கிறார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. விளையாட்டுக் கருவிகளைச் செய்பவர்கள் இப்பழக்கத்தைத் திருத்த முயலவில்லை. மாறாக, அதற்கு இணங்கிப் போய்விட்டார்கள். 2006இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட வீ என்னும் கருவியில் கையை வீசினாலே திரையில் மட்டை வீசும். இன்று நம் கைப்பேசி ஒவ்வொன்றுக்குள்ளும் முடுக்கத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. அதனுள் சிலிக்கனால் ஆன மிக நுண்ணிய எடை ஒன்று வில்போன்ற இழைகளால் தாங்கப்பட்டிருக்கும். கைப்பேசி சாய்ந்தால் புவியீர்ப்பு அவ்வெடையை ஒரு பக்கம் சற்றே இழுக்கும். அந்த இடப்பெயர்ச்சியை மின்சுற்று அளந்து சொல்லும். அதைக்கொண்டு கார் திரும்புகிறது. பல்லாண்டுகளாகப் பயனற்றிருந்த ஒரு சாய்வு, ஒரு நாள் ஸ்டியரிங் ஆகிவிட்டது. மூடப்பழக்கம் என்று நாம் சிரித்தது, கருவி மாறியவுடன் முறையான ஆட்டமாயிற்று.

பட்டனை ஓங்கி அழுத்துவதும் இத்தகையதே. பட்டன் என்பது மூடும் அல்லது திறக்கும் ஒரு சுவிட்சு. மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். மின்னணுவியல் பயின்ற எவரும் இப்படித்தான் சொல்வர். ஆனால் 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 உடன் வந்த கன்ட்ரோலரில், பெரும்பாலான பட்டன்கள் அழுத்தத்தின் அளவையே உணரக்கூடியனவாக அமைக்கப்பட்டிருந்தன. சில கார்ப் பந்தய ஆட்டங்களில் வலிந்து அழுத்தினால் வேகம் மிகுந்தது. மெல்ல அழுத்தினால் குறைந்தது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அவ்வமைப்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே, எங்கள் தெருமுனை அறையில் முப்பது வயதைக் கடந்த அண்ணன்மார் பட்டனை நசுக்குவதைப் பார்த்துச் சிறுவர்கள் நகைக்கும்போது, நான் அண்ணன்மார் பக்கமே நிற்பேன். அவர்கள் கற்ற காலத்தில் அது உண்மையாக இருந்தது. விதி போய்விட்டது; விரலில் அதன் தடம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

எல்லாப் பழக்கங்களுக்கும் இவ்வாறு நற்சான்று வழங்கிவிட முடியுமா? முடியாது. கேசட்டை ஊதிய கதையைக் கேளுங்கள்.

1990களில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த வீடியோ கேம் கருவிகள் பெரும்பாலும், ஜப்பானில் 1983இல் வெளிவந்த நிண்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மஞ்சளும் கறுப்புமான கேசட்டுகள் அவற்றோடு வந்தன. கேசட்டைச் செருகியும் படம் வரவில்லையானால் என்ன செய்வது? வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை வாயருகே வைத்து, புல்லாங்குழல் ஊதுவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊதி, மீண்டும் செருக வேண்டும். என் மாமா இன்றும் இதனை ஒரு சாத்திரம்போல் விளக்குவார். இதில் வியப்பு யாதெனில், இச்சாத்திரம் நெல்லைக்கும் கொச்சிக்கும் மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சிறுவர்களும் ஊதினார்கள். ஜப்பானியச் சிறுவர்களும் ஊதினார்கள். பெரும்பாலும் படமும் வந்தது!

படம் வந்ததற்குக் காரணம் ஊதியதா? இல்லை. கேசட்டின் உலோகத் தொடுமுனைகள் கருவியின் ஊசிகளோடு சரியாகப் பொருந்தாததே பழுது. எடுத்து மீண்டும் செருகும்போது தொடுமுனைகள் ஒன்றையொன்று உரசி, இந்த முறை சற்றே நன்றாகப் பொருந்தும். வேலையைச் செய்தது மீண்டும் செருகிய செயல்; பெயரைத் தட்டிக்கொண்டு போனது மூச்சு. மூச்சில் உள்ள ஈரம் தொடுமுனைகளை அரிக்கும், ஊத வேண்டா என்று நிண்டெண்டோ நிறுவனமே பின்னர் அறிவுறுத்தியது. ஊதாமல் எடுத்துச் செருகிப் பார்த்திருந்தால் உண்மை ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆனால் ஆட்டத்தின் ஆவலில் இருக்கும் சிறுவன் எதற்காக ஊதாமல் பார்க்கப் போகிறான்? நம் ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஒன்றை ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பாடநூலில் கண்டதில்லை.

இவ்விடத்தில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. மழை பெய்வதற்கும் இடி இடிப்பதற்கும் எவரும் விதி எழுதி ஒளித்து வைக்கவில்லை. மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்பவரைப் பார்த்து, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை ஐயா என்று துணிந்து கூறலாம். வீடியோ கேமின் உலகம் அவ்வாறானதன்று. அங்கே ஒவ்வொரு விதியையும் எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியதை நமக்குக் காட்டவில்லை. பட்டனை நசுக்கினால் வேகம் வரும் என்று அவர் எழுதியிருக்கவும் கூடும், எழுதாமல் விட்டிருக்கவும் கூடும். ஆகவே ஆடுபவரின் பழக்கத்தை மூடநம்பிக்கை என்பதைவிட, சோதிக்கப்படாத கருதுகோள் என்பதே பொருந்தும். 1996இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் ஆட்டத்தில், பந்தை எறிந்து விலங்கைப் பிடிக்கும்போது ஒரு பட்டனைத் தாளத்தோடு அழுத்தினால் பந்து திறந்துகொள்ளாது என்று உலகெங்கும் சிறுவர் நம்பினர். அந்த ஆட்டத்தின் விதியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆயினும் அழுத்திய சிறுவனை அறிவிலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு விதி இருந்திருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

கையில் பதிந்த பழக்கங்களிலே இன்னொரு வகை உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே பார்ப்பதற்குக் குச்சியை மேலே தள்ளுவோர் சிலர். கீழே இழுப்போர் சிலர். இரு சாராரும் ஒருவர் கருவியை ஒருவர் வாங்கினால் இரண்டு நிமிடம் கூட ஆட முடியாது. அமைப்பை மாற்றாமல் தந்ததற்காகச் சண்டையே வரும். விமானத்தில் குச்சியைப் பின்னுக்கு இழுத்தால் மூக்கு மேலே எழும்; எனவே கீழே இழுப்போர் விமானியின் வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள் எனலாம். எனக்குத் தெரிந்த ஒருவன் இவ்வகையினன். அவன் ஏறியதோ விமானமன்று, தந்தையின் மீன்பிடி வள்ளம். வள்ளத்தின் எஞ்சின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும் அன்றோ? “சேட்டா, எனக்கு இதுதான் நேர், உங்களுக்குத்தான் தலைகீழ்” என்கிறான். வள்ளம்தான் காரணம் என்று ஓர் ஆளை வைத்துக்கொண்டு துணிந்துவிட முடியாது. ஆனால் நேர் எது, தலைகீழ் எது என்ற கேள்வியில் அவன் கட்சிக்கும் பலமுண்டு.

ஒரு குண்டு சுட்டதும் ரீலோட் செய்வதையும், மருந்துப் பையைச் சேர்த்து வைப்பதையும் நான் ஒரே பழக்கமாகவே எண்ணுகிறேன். இரண்டுக்கும் வேர், வேண்டிய நேரத்தில் கை வெறுமையாக இருந்துவிடக் கூடாதே என்ற அச்சம். போர் ஆட்டங்களில் பாருங்கள்: காயத்திற்கு மருந்து கிடைக்கும், சிறு காயத்திற்கு எதற்கு என்று வைத்துக்கொள்வார், பெருங்காயம் வரும், இதைவிடப் பெரிது வந்தால் என் செய்வது என்று அப்போதும் வைத்துக்கொள்வார், முடிவில் பை நிறைய மருந்தோடு மாண்டுகிடப்பார். எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் காஞ்சிபுரத்துப் பட்டு ஒன்று நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறது. என் தாய்க்குத் திருமணமானபோதும் அந்த நல்ல நாள் வரவில்லை. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இக்குணம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் போலும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரீலோட் செய்வதன் நன்மை தீமையும் விதியைப் பொறுத்ததே. பெரும்பாலான ஆட்டங்களில் மீதிக் குண்டுகள் பத்திரமாகக் கணக்கில் சேரும். நட்டம், நிரப்பும் அந்த இரண்டொரு விநாடிதான். அந்த இரண்டொரு விநாடியில்தான் எதிரி வந்து நிற்பான் என்பது வேறு. சில ஆட்டங்களிலோ, உண்மைத் துப்பாக்கியில் நடப்பதுபோல, கழற்றிய உறையோடு மீதிக் குண்டுகளும் போய்விடும். விரலுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இனி, உளநூலார் இதைப்பற்றிச் சொல்வதைக் காண்போம். 1948இல் அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒரு முறை தானே தீனி வருமாறு அமைத்தார். சில நாள் சென்று பார்த்தால் ஒரு புறா வட்டமிட்டுச் சுற்றுகிறது. ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டுகிறது. ஒன்று ஊசல்போல் ஆடுகிறது. எட்டில் ஆறு புறாக்களுக்கு இப்படி ஒவ்வொரு பழக்கம் படிந்திருந்தது. தீனி வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலே தீனியைக் கொண்டுவந்ததாகப் புறாவுக்குத் தோன்றிவிட்டது என்றார் அவர். இச்சோதனை மிகவும் புகழ்பெற்றது. ஆனால் 1971இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்னும் இருவர் இதனை மீண்டும் நுணுகிப் பார்த்து, தீனியை எதிர்நோக்கும் பசித்த பறவை இயல்பாகவே செய்யும் அசைவுகளே அவற்றுள் பல என்று காட்டினர். புறாவைக் காட்டி மனிதனை எள்ளி நகையாடுவோர் முதற்சோதனையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது நேர்மையன்று.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் 1925இல் எழுதிய செய்தி எனக்கு இதைவிடப் பயனுடையதாகப் படுகிறது. பசிபிக் கடலில் உள்ள டிரோபிரியாண்டுத் தீவுகளின் மீனவர், அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரம், சடங்கு எதையும் நாடுவதில்லை. அங்கே திறமை போதும், மீன் உறுதி. ஆனால் ஆபத்தும் ஐயமும் நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போது சடங்குகள் பெருகிவிடுகின்றன. ஒரு பக்கம் காயலும் மறுபக்கம் கடலுமாக வாழும் கொச்சிக்காரருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனை அறைக்குத் திரும்புவோம். கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் கடத்தும்போதும், ஓடும்போதும் எவரும் சடங்கு செய்வதில்லை. கையில் திறமை இருக்கிறது, அதைக் காட்டுகிறார்கள். பெனால்டி வந்துவிட்டால் போதும்! ஒருவர் கன்ட்ரோலரை மடியிலிருந்து தூக்கி நெஞ்சருகே வைத்துக்கொள்கிறார். ஒருவர் கையைக் கால்சட்டையில் துடைக்கிறார். ஒருவர், அடுத்திருப்பவரை, “நீ பார்த்தால் கோல் விழாது, வெளியே போ” என்று துரத்துகிறார். திறமை முடிந்து ஐயம் தொடங்கும் எல்லையில் பழக்கங்கள் புல்லைப்போல் முளைக்கின்றன.

கையைத் துடைப்பதிலும் தண்ணீர் பாட்டிலை ஒழுங்குபடுத்துவதிலும் ஓர் உண்மைப் பயன் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அநீதியாகும். டென்னிசு வீரர் நடால் ஆடிய காலமெல்லாம் இரண்டு பாட்டில்களை ஒரே கோணத்தில் வைத்துவிட்டே எழுந்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற நம் குகேஷ், வென்ற நெகிழ்ச்சிக்கிடையிலும் காய்களைப் பழையபடி அடுக்கி வைத்ததை உலகம் பார்த்தது. பாட்டில் பந்தைத் திருப்பாது. காய் அடுக்குவதால் அடுத்த ஆட்டம் வெல்லாது. இத்தகைய செயல்கள் ஆட்டத்தின்மீது வேலை செய்யவில்லை; ஆடுபவரின் மனத்தின்மீது வேலை செய்கின்றன. அலையும் கவனத்தைக் கட்டிப்போட ஒரு முளை வேண்டும். அந்த முளைக்கு நான் எதிரியல்லன்.

திறமைக்கே இடமில்லாத, முழுவதும் தற்செயலான இடத்தில் என்ன ஆகிறது என்பதே இறுதிக் கேள்வி. பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் முதன்மையான கேள்வியும் அதுவே.

தாயத்திலிருந்து தொடங்குவோம். “ஏலே, மெதுவா உருட்டுனா ஒண்ணு விழும், வீசி எறிஞ்சா பன்னெண்டு விழும்” என்பது எங்கள் ஆச்சியின் கொள்கை. 1967இல் ஹென்ஸ்லின் என்னும் சமூகவியலார், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்சி ஓட்டுநர்கள் பகடை ஆடுவதை ஆராய்ந்து எழுதினார்: சிறிய எண் வேண்டுமானால் மெல்லவும், பெரிய எண் வேண்டுமானால் வலிந்தும் எறிகிறார்களாம்! ஆச்சியை அவர்கள் கண்டதில்லை. அவர்களை ஆச்சியும் கண்டதில்லை. நம் பித்தளைத் தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகள் சேர்ந்து 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது ஒன்று, விழும் வகை இரண்டே. எனவே வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக வாய்ப்பு நூற்றில் 26. இருபது முறை உருட்டியும் விழாமல் போக வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் 7. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் பத்து உருட்டலுக்குப் பின்னும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பது கெட்ட நேரத்தால் அன்று, கணக்கே அவ்வளவுதான். பத்து முறை விழவில்லை, ஆகவே இப்போது கட்டாயம் விழும் என்று அவர் எண்ணுவார். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. பதினோராவது உருட்டலிலும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான்.

பித்தளைக் கட்டைக்கு ஞாபகம் இல்லை, சரி. கணினிக் கட்டைக்கு? இங்கேதான் நம் பாடநூல் சற்றுத் தடுமாறுகிறது. 2020இல் சீனாவிலிருந்து வந்த கென்ஷின் இம்பாக்ட் என்னும் ஆட்டத்தில், அரிய வீரர் ஒருவர் கிடைக்கும்வரை தோல்விகளை எண்ணிக்கொண்டே வந்து, தொண்ணூறாவது முயற்சியில் ஒருவரைக் கட்டாயம் தந்துவிட வேண்டும் என்றே விதி எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டைக்கு ஞாபகம் உண்டு! இத்தனை முறை வரவில்லை, இனி வரும் என்று தாயத்தில் சொன்னால் பிழை. அங்கே சொன்னால் சரி. வேறோர் ஆட்டத்தில் மீண்டும் பிழை. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே சுழல்கின்றன, மின்னுகின்றன, ஒலிக்கின்றன.

விடுதியில் தங்கிப் படிக்கும் மதுரைத் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் ஆடும் ஆட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. அதில் பணம் செலுத்திப் பெட்டி திறக்கலாம். பெட்டிக்குள் சட்டையோ, துப்பாக்கியின் வண்ணமோ இருக்கும். தம்பி பெட்டியைப் பகலில் திறக்க மாட்டார். நள்ளிரவு பன்னிரண்டு தாண்ட வேண்டும். ஆட்டத்தை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். திரையின் வலது கீழ்மூலையில் இரண்டு முறை தட்ட வேண்டும். “ஒரு தடவ இப்படித்தாண்ணே கிடைச்சுச்சு” என்றார். சென்ற பருவத்தில் இரண்டு மாத மெஸ் பணம் இவ்வாறு நள்ளிரவில் கரைந்தது. மூன்றாம் மாதம் அவர் இரவு உணவை நிறுத்திவிட்டதாகப் பின்னர்தான் தெரிந்தது.

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தம்பிக்கு வேண்டிய பொருள் நூற்றில் ஒரு பெட்டியில் இருப்பதாகக் கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் ஒன்று உறுதி என்று அவர் எண்ணியிருந்தார். நூறு பெட்டி திறந்தும் ஒன்றும் கிடைக்காமலிருக்க வாய்ப்பு நூற்றில் 37. அடுத்தது, நள்ளிரவுக் கொள்கை. “அண்ணே, அத நீங்க பொய்யின்னு நிரூபிக்க முடியுமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நள்ளிரவில் வாய்ப்பு ஒன்றிலிருந்து ஒன்றரை விழுக்காடாக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒன்றரை மடங்கு, பெரிய உயர்வுதான். புள்ளியியலில் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல்படி இந்த வேறுபாட்டை உறுதியாகக் காண, பகலில் ஏறக்குறைய 7,700 பெட்டிகளும் நள்ளிரவில் 7,700 பெட்டிகளும் திறந்தாக வேண்டும். பெட்டிக்குப் பத்து ரூபாய் என்றாலும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஆகும். தம்பி இரண்டு மாதத்தில் திறந்தவை சில நூறு. கேசட்டை ஊதிய சிறுவன் ஐந்து நிமிடத்தில் தன் கொள்கையைச் சோதித்திருக்கலாம், செலவில்லை. பெட்டி திறப்பவரால் ஆயுள் முழுதும் சோதிக்க முடியாது. அவருடைய பழக்கம் மாறாமல் நிலைப்பது அறிவுக் குறைவால் அன்று. அதைப் பொய்யாக்கும் அளவுக்குத் தரவு எந்தத் தனி மனிதன் கையிலும் சேர்வதில்லை என்பதால்தான். பெட்டி விற்பவரிடம் மட்டும் அத்தனை தரவும் இருக்கிறது.

இதை உணர்ந்தே, 2017 மே முதல் சீனாவில் இத்தகைய ஆட்டங்கள் தம் வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று விதித்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் விற்கும் ஆட்டங்களுக்கு அதே நிபந்தனையை வைத்தது. 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், பணம் வாங்கித் திறக்கும் சில பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு கூறியது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், பணத்தைக் கட்டிப் பணத்தை வெல்ல ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. பெட்டியிலிருந்து வருவதோ பணமன்று, சட்டை. ஆகவே விகிதப் பட்டியலைத் தேடிப் படிக்கும் வேலை ஆடுபவர் தலையிலேயே விழுகிறது. பட்டியல் பெரும்பாலும் ஆட்டத்திற்குள்ளேயே, கேள்விக்குறி போட்ட ஒரு சிறு வட்டத்தின் பின்னால் இருக்கும். தம்பி அதுநாள்வரை அவ்வட்டத்தைத் தட்டியதில்லை. வலது கீழ்மூலையைத்தான் தட்டியிருக்கிறார்.

கேரளத்தில் வாழும் தமிழருக்கு இது புதிதன்று. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. கேரள அரசோ 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி இன்றும் நடத்தி வருகிறது. மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சீட்டு வாங்குபவரைப் பாருங்கள். கட்டின் மேலே உள்ள சீட்டை எடுக்க மாட்டார். புரட்டிப் புரட்டிக் கடைசி எண் பார்த்து எடுப்பார். 1975இல் எலன் லேங்கர் என்னும் உளநூல் அறிஞர் இதையே சோதித்தார். ஒரு டாலர் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்டபோது சராசரியாக 8.67 டாலர் விலை சொன்னார்கள். பிறர் எடுத்துத் தந்த சீட்டை வைத்திருந்தவர்கள் 1.96 டாலர் சொன்னார்கள். விரல் பட்டதற்கு விலை அவ்வளவு.

பெட்டியைச் சோதிக்க நம்மால் முடியாது. தாயக்கட்டையைச் சோதிக்க முடியும். ஆச்சியின் கொள்கையைப் பொங்கல் விழாவன்று சங்கத்து அறையில் வைத்துப் பார்த்துவிடலாம் என்பது என் விருப்பம். ஒரே இணைக் கட்டையால் 400 முறை மெல்ல உருட்டுவோம். 400 முறை வீசி உருட்டுவோம். தாயம் விழுந்ததை மட்டும் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். எந்த முறையில் உருட்டுகிறோம் என்பதை அவர் பாராதபடி திரும்பி உட்காரட்டும், எண்ணை மட்டும் உரக்கச் சொல்வோம். கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 50 விழ வேண்டும். 37 முதல் 63 வரை விழுந்தாலும் தற்செயலே. இரண்டுக்கும் வேறுபாடு 18க்கு மேற்பட்டால் ஆச்சியிடம் மீண்டும் பாடம் கேட்கச் செல்வோம். கட்டைக்குப் புதியது வாங்க வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டையில் மூன்று புள்ளிப் பக்கம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. நாலு பேர் மாற்றி மாற்றி உருட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வர விரும்புவோர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.